லூர்தெசின் தரையும் அர்மாந்தோவின் சீலிங்கும்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்கள் சான்றிதழோடு திரும்பி வருவார்கள். நானும் ஒன்று கொண்டு வந்தேன், அலுமாரியில் இருக்கிறது. ஆனால் லிஸ்பனில் நான் விட்டுவிட்டு வந்ததைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அங்கே ஒரு வீட்டுச் சீலிங்கில், ஒரு ஆள் கையை விரித்துப் படுத்த அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. அது என் கைவேலை.

இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலயில் பெருவீதியோரம் இருக்கும் ஒரு மிளகுக் களஞ்சியத்தில் நான் தரம் பார்க்கிறவன். வீடு இரத்தோட்டையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு மிளகை அள்ளி, ஈரமா, பூஞ்சணம் பிடித்ததா, பப்பாளி விதை கலந்ததா என்று பார்த்தே என் பாதி ஆயுள் போய்விட்டது. இதையே ஒழுங்காகப் படித்துக்கொண்டு வா என்று கம்பனி என்னை லிஸ்பனுக்கு ஆறு கிழமைப் பயிற்சிக்கு அனுப்பியது. மிளகு, கறுவா போன்றவற்றை ஈரம் அண்டாமல் எப்படிக் காயவைப்பது, எப்படிக் களஞ்சியப்படுத்துவது என்பதுதான் பாடம். ஈரத்தைப் பற்றிப் படிக்கப் போனவன் நான் என்பதை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புறப்படும்போது என் மனைவி ஜெசிந்தா எங்கள் வேலிக் கொடியில் பறித்த மிளகில் ஒரு பொட்டலம் கட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். "அந்த ஊரு குளிரு பொல்லாதது. ரசம் வச்சுக் குடிங்க" என்றாள். போய் இறங்கினால் தம்புள்ளை வெயில். குளிர்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் வியர்த்து வழிய நின்றேன். மிளகுப் பொட்டலம் பெட்டியின் அடியிலேயே கிடந்தது.

எனக்கு அறை கொடுத்தவர் லூர்தெஸ். அறுபதைத் தாண்டியவர், தனி ஆள், ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. ஹோட்டலில் பழகிய இங்கிலீஷ் அவருக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம். மிச்சத்தை டெலிபோன் மொழிபெயர்த்தது. பழைய மாடிக் கட்டிடம். மேல்மாடியில் அவர் வீடு. வெள்ளைப் பலகைத் தரை, கால் வைத்த இடமெல்லாம் முனகும். முதல் நாள் வீட்டைச் சுற்றிக் காட்டினார். குசினி, மேசை, அலுமாரி, துவாய், சாவி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இந்த மனிஷிக்கு யார் தமிழ் படித்துக் கொடுத்தது என்று பார்த்தேன். போர்த்துக்கேயர் நம் கரையில் இறங்கியபோது சாமானோடு பேரையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலை பேக்கரியில் தைரியமாக "பாண்" என்றேன். தந்துவிட்டார்கள்.

என் பெயர் சேவியர். லூர்தெஸ் அதை "ஷவியேர்" என்று இழுத்துக் கூப்பிடுவார். ஆறு கிழமையும் நான் அதற்குத் திரும்பிப் பார்த்தேன்.

சாப்பாட்டில் பெரிய குறை இல்லை. அவர்களும் சோறு தின்கிற ஜனம். உப்பிட்டுக் காயவைத்த மீனைக் கடையில் பலகை பலகையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த வாசனை மாத்தளை டவுனில் கருவாட்டுக் கடை வாசலில் நிற்கிற வாசனைதான். சந்தோஷப்பட்டுப் போய் உட்கார்ந்தால், லூர்தெஸ் அதை இரண்டு நாள் ஊறவைத்து உப்பையெல்லாம் போக்கி, பாலாடையில் வேகவைத்துக் கொண்டு வந்தார். கருவாட்டை நோயாளிக்குக் கொடுக்கிற மாதிரி சமைக்கிறார்களே என்று வயிறெரிந்தது. தின்று பார்த்தேன். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.

ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும். இரத்தோட்டைக்காரனுக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஒரு மஞ்சள் டிராம் அந்த ஒடுங்கிய தெருக்களில் சுவரை உரசுகிற மாதிரி போகும். ஒரு காலை எவனோ தண்டவாளத்தை மறித்துக் காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். டிரைவர் மணி அடித்தார். பிறகு இறங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு காரைப் பார்த்தார். ஐரோப்பாவில் இதற்கு ஒரு இலாகா இருக்கும், வந்து தூக்கும் என்று நான் காத்திருந்தேன். ஒரு கிழவர் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். இரண்டு மாணவர்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். எல்லோருமாகக் காரின் பின்பக்கத்தைப் பிடித்து, குலுக்கிக் குலுக்கி நடைபாதைக்கு நகர்த்தினோம். மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துப் பாதையில் பஸ் தள்ளிய அனுபவம் அன்று கைகொடுத்தது. வகுப்புக்குப் பிந்திப் போய்க் காரணம் சொன்னேன். பேராசிரியை அதைக் காரணமாக ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பேராசிரியை ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். களஞ்சியத்தில் தண்ணீர் காணாமல் போவதில்லை, நீங்கள் பார்க்காத இடத்துக்குப் போகிறது. நான் இதை எழுதி, அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன்.

ஜூன் பிறந்ததும் தெருவில் வண்ணத்தாள் தோரணம் ஏறியது. என்ன விசேஷம் என்று கேட்டால் அந்தோனியார் திருநாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் பிறந்ததே இந்த ஊரில். செவ்வாய்க்கிழமை தவறாமல் நாங்கள் நவநாள் சொல்கிற கோடி அற்புதர், எங்கள் தோட்டத்தில் கத்தோலிக்கரல்லாதவர்களும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற அந்தோனியார், நான் பாண் வாங்கும் கடைக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்திருக்கிறார். ஜெசிந்தாவிடம் டெலிபோனில் சொன்னேன். "அப்ப நீங்க சும்மா போகல" என்றாள்.

திருநாளுக்கு முதல்நாள் மாலை அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு மேசையாக இறக்கி, ஒன்றோடொன்று சேர்த்து, ஒரே நீள மேசையாகப் போட்டு, மத்தி மீன் சுட்டுச் சாப்பிடுவது வழக்கமாம். லூர்தெஸ் இரண்டு வருடமாக இறங்கவில்லை. காரணம் கீழ்வீட்டு அர்மாந்தோ. டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். லூர்தெசின் குழாய் ஒழுகித் தன் சீலிங் கெடுகிறது என்று அவர் சொல்ல, என் குழாய் ஒழுகவில்லை என்று இவர் சொல்ல, முப்பது வருடப் பழக்கம் அறுந்துபோயிற்று. இவர் ஆளை அனுப்புவார், அவர் கடிதம் அனுப்புவார். படியில் சந்தித்தால் இருவரும் சுவரைப் பார்ப்பார்கள். கடைசியில் சுவருக்குள் ஒரு பழைய குழாய் பிடிபட்டு அதை மாற்றினார்கள். அர்மாந்தோவும் புதிதாக வெள்ளை அடித்து முடித்தார். பேக்கரிக்காரி நடுவில் நின்று பேசி, இந்த முறை லூர்தெஸ் மேசையை இறக்கலாம் என்று அர்மாந்தோ வாயிலிருந்து வரவழைத்திருந்தார்.

லூர்தெஸ் அதற்காக ஒரு மேசைத்துணி வாங்கியிருந்தார். நீலக்கரை போட்டது. அதை என்னிடம் விரித்துக் காட்டி மறுபடி மடித்து, மறுநாளும் விரித்துக் காட்டினார். இந்த வயதில் ஒரு மனிஷி தெருவில் உட்கார்ந்து மீன் தின்பதற்கு இவ்வளவு ஆசைப்படுவதைப் பார்க்க என் மனசை என்னவோ செய்தது. இதில் நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் பக்கம் திருநாள் என்றால் முதல்நாள் வீடு கழுவ வேண்டும். பெருக்குவது, துடைப்பது எல்லாம் கணக்கில் இல்லை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, விளக்குமாறு போட்டுத் தேய்த்து, பின்வாசல் வழியாகத் தள்ளிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. ஜெசிந்தா பலகாரம் பார்ப்பாள், நான் காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்பேன். கழுவாத வீட்டுக்கு அந்தோனியார் சுரூபம் வராது என்பது எங்கள் தோட்டத்தில் சட்டம்.

அன்று எனக்கு வகுப்பில்லை. லூர்தெஸ் வேலைக்குப் போயிருந்தார். அவர் வீடு வருவதற்குள் கழுவிப் பளிச்சென்று வைத்துவிடுவோம் என்று இறங்கினேன். நடையில் முதல் வாளி. குசினியில் இரண்டாவது. முன்னறையில் தாராளமாக மூன்றாவது. தேய்த்துக்கொண்டே போய்த் தண்ணீர் வெளியேறும் ஓட்டையைத் தேடினேன். ஓட்டையும் இல்லை, பின்வாசலும் இல்லை. எப்படித் தள்ளுவது என்று யோசித்துத் திரும்பினால் தண்ணீரே இல்லை. தரை முக்கால்வாசி காய்ந்திருந்தது. நல்ல மரம், கட்டினவன் கெட்டிக்காரன் என்று மெச்சிக்கொண்டே நாலாவது வாளியை நிரப்பினேன்.

அப்போதுதான் என் காலுக்கடியில் யாரோ தடியால் இடித்தார்கள்.

இடி மூன்று தரம் விழுந்தது. பேராசிரியை சொன்ன வாக்கியம், அடிக்கோட்டோடு சேர்த்து, கண்முன் வந்தது. எங்கள் ஊரில் தரைக்குக் கீழே மண்தான். என் தரை இன்னொருவருடைய சீலிங்காக இருக்கும் என்பது ஆறு கிழமைப் படிப்பில் ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு லூர்தெஸ் வரும்வரை மூச்சுக் காட்டாமல் இருந்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது உண்மை. ஆனால் எங்கள் ஊரில் செத்த வீடோ, சண்டை போட்ட வீடோ, ஆள் நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். ஆளனுப்பினால் அதுவே இன்னொரு சண்டை. வாளியையும் கையில் அகப்பட்ட துவாய்களையும் அள்ளிக்கொண்டு படியிறங்கினேன். இறங்கும்போது வாய்விட்டே நேர்ந்தேன். "அந்தோனியாரே, இந்த ரெண்டு பேரும் இன்னைக்கு ஒரே மேசையில உட்கார்ந்துட்டா, உங்க காலடியில உப்பும் மிளகும் போடுறேன்." எங்கள் கோயில்களில் நேர்த்திக்கு உப்பும் மிளகும் கொட்டுவது வழக்கம். இக்கட்டில் மாட்டினவனுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

கதவைத் திறந்தவர் உயரமான மெலிந்த மனிதர். கையில் சட்டி. அவர் பின்னால் புது வெள்ளைச் சீலிங்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தவில்லை. மேலே காட்டினார். டிராமில் சுற்றுலாக்காரர்களோடு பழகியதில் அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வந்தது. இனி அவர்கள் பேசியதையெல்லாம் நான் என் ஊர்ப் பேச்சில்தான் எழுத முடியும்.

"லூர்தெஸ் உன்னை அனுப்பினாளா?" என்றார்.

இல்லை, அவருக்குத் தெரியாது, தண்ணீர் ஊற்றினவன் நான், அதுதான் வந்தேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். இருவருமாகச் சட்டி வைத்தோம், துடைத்தோம், பிழிந்தோம். அன்று பின்னேரம் லக்ஸம்பேர்கிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வருகிறாளாம். பேரப்பிள்ளை முதல்முதல் வருகிறதென்றுதான் வெள்ளை அடித்தாராம். அதைக் கேட்டதும் எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அதற்கும் கீழே ஒரு வீடு இருந்தது.

ஏன் வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டார். அந்தோனியார் திருநாள் என்றேன். நம்பவில்லை. போன வருடம் ஜெசிந்தா எடுத்த வீடியோவைக் காட்டினேன். மின்விளக்குப் போட்ட டிராக்டர் பெட்டியில் அந்தோனியார் நிற்கிறார், இரண்டு பக்கமும் தேயிலை, பின்னால் எங்கள் ஜனம் பாடிக்கொண்டு வருகிறது. அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்தார். உங்கள் ஊரில் இவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். நான் வெகுளியாக, பதுவை அந்தோனியார் என்றேன். அதற்குத்தான் மனிதருக்குக் கோபம் வந்தது. சீலிங்குக்கு வராத கோபம். பதுவையில் அவர் செத்தார், அவ்வளவுதான். பிறந்தது இங்கே, லிஸ்பன் பிள்ளை அவர், இத்தாலிக்காரன் பேரைத் தட்டிக்கொண்டு போய்விட்டான் என்று எனக்குக் கால்மணி நேரம் வகுப்பு நடந்தது. ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்வதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் கோப்பி தந்தார்.

லூர்தெஸ் வந்த சத்தம் படியில் கேட்டது. மேலே ஓடினேன். அவர் ஈரப் பலகையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. மேசைமேல் எடுத்து வைத்திருந்த நீலக்கரைத் துணியை மடித்து அலுமாரிக்குள் வைத்து மூடினார்.

"சரி. அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்.

கீழே வாருங்கள் என்றேன். நாளைக்கே பெயின்ட் அடிக்கிறவனை அனுப்புகிறேன் என்றார்.

"ஆள அனுப்பாதீங்க. நீங்க வாங்க. வந்து பாத்தா போதும்."

அவருக்குப் போக விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் நான் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை விலக்கிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும், அல்லது வர வேண்டும். சலவை வாசனையோடு அப்படியே இறங்கி வந்தார்.

அர்மாந்தோ முன்னறையில் நின்றார். லூர்தெஸ் நடுவில் வந்து தலையை நிமிர்த்தி அந்தக் கறையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அவர்கள் மெல்லப் பேசியது எனக்கு விளங்கவில்லை. பிற்பாடு அர்மாந்தோதான் சொன்னார்.

"முந்தியும் இவ்வளவு பெருசா இருந்துச்சா?" என்று லூர்தெஸ் கேட்டாராம்.

"இதவிடப் பெருசு. ரெண்டு வருஷம். ஒரு தடவையாவது வந்து பாத்தியா?"

"நீ கதவத் திறக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"திறந்திருக்க மாட்டேன்தான். ஆனா நீ தட்டியிருக்கலாம்."

லூர்தெஸ் ஒரு துவாயை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த நாற்காலியை மறுபடியும் துடைத்தார். அர்மாந்தோ அதைத் தடுக்கவில்லை.

மகள் வர இன்னும் நேரமிருந்தது. ஈரச் சீலிங்கில் பெயின்ட் நிற்காது. அதைச் சொல்ல மட்டும் என் படிப்பு உதவியது. வேறொரு படிப்பும் என்னிடம் இருந்தது. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை வைத்து, நூலில் வண்ணத்தாள் ஒட்டித் தோரணம் கட்டுவது. கோயில் முற்றம் முழுக்கக் கட்டிப் பழகின கை. லூர்தெஸ் பசை காய்ச்சினார், அர்மாந்தோ தாள் வெட்டினார், நான் மேசைமேல் ஏறிக் கறைக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். மகள் வந்து பிள்ளையோடு உள்ளே நுழைந்தாள். அண்ணாந்து பார்த்த பிள்ளை தாள் ஆடுவதைக் கண்டு கையைக் காலை உதைத்தது. இவ்வளவு அழகாக வீட்டை நீங்கள் சோடித்ததே இல்லையே என்று மகள் கேட்க, அர்மாந்தோ இருமினார்.

பின்னேர வெயில் இருக்கும்போதே தெருவில் புகை கிளம்பிவிட்டது. லூர்தெசின் மேசையை நானும் அர்மாந்தோவும் படியில் இறக்கினோம். வளைவில் மாட்டிக்கொண்டு சண்டை பிடித்து ஒருவாறு இறங்கியது. அர்மாந்தோவின் மேசைக்கு அடுத்து அதைப் போட்டார்கள். நீலக்கரைத் துணி விரிந்தது. துணிக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் இவர். மத்தியைக் கல்லுப்புப் போட்டுச் சுட்டு, பாண் துண்டின்மேல் வைத்து, கையால் பிய்த்துத் தின்கிறார்கள். கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடித்து நான் பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்து அன்று ஐந்து விரலாலும் தின்றேன். இரத்தோட்டையில் சொந்தக்காரர் கலியாணத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டதில்லை.

நேர்த்தி மறக்கவில்லை. கட்டிடத்தின் தெரு வாசற்படியில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டி அடுக்கி, தாள் சுற்றி, உச்சியில் சின்ன அந்தோனியாரை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் அப்படித்தான். அறைக்குப் போய்ப் பெட்டியின் அடியிலிருந்து ஜெசிந்தாவின் பொட்டலத்தை எடுத்து வந்தேன். மேசையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பு. இரண்டையும் சுரூபத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டேன். நிமிர்ந்தால் லூர்தெசும் அர்மாந்தோவும் பின்னால் நிற்கிறார்கள். என்ன நேர்ந்தாய் என்று கேட்டார்கள். சொன்னேன். லூர்தெஸ் முகத்தைத் திருப்பி, பக்கத்தில் தொங்கிய மேசைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்தார். புதுத் துணி. அர்மாந்தோ குனிந்து நாலு மிளகை எடுத்துக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, இதை மீனில் போடாமல் இங்கே கொட்டியிருக்கிறாயே என்றார்.

பயிற்சியில் நல்ல புள்ளி கிடைத்தது. ஈரம் பற்றிய கேள்விக்கு நான் எழுதிய பதிலைப் பேராசிரியை மெச்சினார். அனுபவத்தில் எழுதினேன் என்று சொல்லிவிட்டு விளக்கம் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

இப்போது வருடம் ஒன்றாகிறது. இந்தச் சனிக்கிழமை, எங்கள் திருநாளுக்காக வீடு கழுவ வாளியோடு நின்றபோது லூர்தெசிடமிருந்து படம் வந்தது. தெருவில் நீள மேசை, நீலக்கரைத் துணி. கட்டிட வாசலில் அந்தோனியார், காலடியில் ஒரு பிடி உப்பு. மிளகு முடிந்துவிட்டது, கடை மிளகை அர்மாந்தோ வைக்க விடமாட்டேன் என்கிறார், உங்கள் வேலி மிளகுதான் வேண்டுமாம் என்று எழுதியிருந்தார். சீலிங்குக்கு வெள்ளை அடித்தாயிற்றா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்று பதில் வந்தது. ஈரம் முழுக்கக் காயாமல் பூசக் கூடாதென்று நீதானே சொன்னாய். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு ஞாயிறும் நான் கீழே போகிறேன். அவர் கோப்பி போடுகிறார். இருவரும் உட்கார்ந்து பார்க்கிறோம். இன்னும் கொஞ்சம் போக வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

ஜெசிந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பலகார மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஒரு சீலிங் காய ஒரு வருஷமா? ஈரத்தப் பத்திப் படிச்சவரு நீங்க, சொல்லுங்க."

"அந்த ஊர்ல அப்படித்தான். சுணங்கும்" என்றேன். வாளியை வைத்துவிட்டு வேலிக்குப் போய் மிளகு பறித்தேன்.